ஒரு பேக்கிங்குக்காக ஆறு பைப்: பழைய 5.9 லிட்டர் லாரி எஞ்சினோடு என் அனுபவம்

சங்ககிரி நண்பர் ஒருவர் 2008 மாடல் பத்து சக்கர லாரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். என்னிடம் இருக்கும் அதே எஞ்சின்தான், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, டீசலை அழுத்தி அனுப்பும் இன்லைன் பம்பு. "ஏத்தத்துல கரும்புகை தள்ளுதுங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். இதே புகையோடு போன மாதம்தான் மல்லுக்கட்டி முடித்திருக்கிறேன், அதனால் போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை.

வண்டியின் மைலேஜ், கியர், ஆக்ஸில் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, லாரிக்காரர்களுக்கு அத்துப்படி. எனக்கு ஆற்றாமை எல்லாம், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் கசியாமல் அடைக்கும் பேக்கிங் என்ற அந்த ஒன்றின் மேல்தான்.

இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்ட் என்று தனியாக ஒன்று தொங்காது. சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டிலேயே காற்று அறையை வார்த்துவிட்டு, மேலே ஒரு மூடியைப் போட்டு வரிசையாக போல்ட் அடித்திருப்பார்கள். மூடிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அந்த மெல்லிய பேக்கிங். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று முழுவதும் அதற்குள்தான் வந்து நிற்கிறது. வருடக்கணக்கில் சூடும் ஆயில் ஆவியும் பட்டுப் பட்டு பேக்கிங் காய்ந்து, ஏதாவது ஒரு மூலையில் விட்டுக்கொடுத்துவிடும்.

ஐடிலில் ஒன்றும் தெரியாது, அங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். வண்டி நின்றபடி ஓடும்போது டர்போ அழுத்தமே கிடையாது, பிறகு எப்படி ஒழுகும்? சிமெண்ட் லோடு ஏற்றி பெங்களூர் பக்கம் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் தெரியும். ஆக்சிலேட்டரை முழுசா மிதித்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல், பின்னால் கரும்புகை, முன்பு இழுத்த கியரில் இழுக்காமல் ஒன்று இறக்க வேண்டியிருக்கும். பம்பு வழக்கமான டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதை எரிக்க வேண்டிய காற்றில் ஒரு பங்கு மூடி ஓரமாக வெளியே போய்விடுகிறது. மிச்ச டீசல் புகையாகாமல் என்ன செய்யும்.

பட்டறையில் முதலில் சொன்னது, பம்பைக் கழற்றி, டீசல் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பணும், டீசலைத் தெளிக்கும் நாசிலும் பார்க்கணும், டர்போவும் போயிருக்கலாம் என்று. நான் சம்மதிக்கவில்லை. மூடியின் பின்பக்க ஓரத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு விசிறியடித்த மாதிரி இருந்தது, காற்று போகாமல் அந்தக் கோடு வராது. டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, அந்த வாயை ஒரு தட்டு வைத்து அடைத்து, தட்டில் டயர் வால்வ் பொருத்தி கம்ப்ரஸரில் ஒரு பார் அளவுக்குக் காற்று ஏற்றச் சொன்னேன். பஞ்சர் கடையில் ட்யூப்பைத் தண்ணீரில் அமுக்குவது போலத்தான், இங்கே மூடியைச் சுற்றி சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேலேயே பொங்கியது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் ஒன்றிலும் லேசாக நுரை வந்தது, அதையும் அப்போதே மாற்றியாயிற்று. புகை என்று யார் வந்தாலும் பம்பில் கை வைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்ய எந்தப் பட்டறைக்கும் கசக்கக் கூடாது, அரை மணி நேர வேலை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பேக்கிங் விலை சில நூறு ரூபாய். ஆனால் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் ஆறு ஹை பிரஷர் பைப்பும் அந்த மூடிக்கு மேலேதான் போகின்றன, அவற்றைப் பிடிக்கும் கிளாம்ப்புகளும் மூடி போல்ட்டிலேயே மாட்டியிருக்கின்றன. ஆக, ஒரு காகிதக் கனம் பேக்கிங்குக்காக ஆறு பைப்பையும் இறக்கி, கழற்றிய வாய்களில் தூசி போகாமல் மூடி, திரும்ப மாட்டி, பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, வண்டியைக் கிளப்ப வேண்டும். அந்தப் பைப்களை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா? பம்பும் அதே பக்கம், நாசிலும் மேலே, வேறு வழி இருந்திருக்காது என்று நியாயமாக யோசித்தால் புரிகிறது. புரிந்தாலும், வாடகை இல்லாமல் வண்டி பட்டறையில் நிற்கும்போது ஆத்திரம் அடங்கவில்லை.

இந்தக் கஷ்டத்தால்தான் குறுக்கு வழியும் வருகிறது. என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் காலத்தில் யாரோ புதுப் பேக்கிங் போடாமல் வெறும் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாக அப்பி மூடியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து திரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிய்ந்தால் நேராக வால்வுக்குத்தான் போகும். இன்னொன்று, பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. அந்தப் பொடியும் சிலிண்டருக்குள்தான் போகும். உள் துவாரங்களில் சுத்தமான துணியை அடைத்து, தட்டையான ஸ்கிரேப்பரால் மெதுவாகச் சுரண்டி, வாக்குவம் வைத்து உறிஞ்சிய பிறகே துணியை எடுக்க வேண்டும். எத்தனை துணி அடைத்தோமோ அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பதும் முக்கியம்.

போல்ட்களில் சில, துவாரம் உள்ளே காற்று அறை வரைக்கும் திறந்திருக்கும். அவற்றின் மரையில் சீலன்ட் தடவாமல் போட்டால் பேக்கிங் புதுசாக இருந்தும் மரை வழியாகக் காற்று கசியும். முறுக்குவது நடுவிலிருந்து இரண்டு பக்கமாக, 24 நியூட்டன் மீட்டர்தான். நீளக் கைப்பிடி போட்டு வலுவைக் காட்டினால் போல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கும், அப்புறம் ட்ரில்லோடு மாரடிக்க வேண்டியதுதான். பைப் கிளாம்ப்புகளைத் திரும்ப மாட்டாமல் ஓரம் போட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. கிளாம்ப் இல்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும், நடுவழியில் டீசல் பீய்ச்சும். ஏர் எடுக்கும்போது நாசில் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிப்பார்கள், அந்த நேரம் அங்கே விரலைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சின்னக் காயம் என்று விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

சரி, மாற்றிய பிறகு எப்படி? அதே சிமெண்ட் லோடு, அதே தொப்பூர். சீறல் இல்லை, கியர் இறக்க வேண்டியிருந்த இடத்தில் இறக்காமலே ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் புகையே இல்லை என்று சொல்ல மாட்டேன், மிதிக்கும்போது லேசாக ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது இந்த வயது வண்டிகளுக்குப் புகை வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), அந்தப் பயமும் விட்டது. தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் திரும்பும்போது எஞ்சின் பாடிய பாட்டு, பதினைந்து வயது தாண்டிய எஞ்சின் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் எந்த ஊர் ரோட்டோரத்திலும் சரிசெய்துவிடலாம். இழுவைக்கு இதைப் போல எஞ்சின் இனி வராது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அவர் வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு, பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பணம் கொடுப்பவர். இந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, கிளாம்ப் மாட்டினாயா, சீலன்ட் தடவினாயா என்று கேட்க ஆள் வேண்டும். இல்லையென்றால் ஒரு பேக்கிங்குக்காக பம்பு, நாசில், டர்போ என்று மூன்றுக்கும் பில் வரும். வாங்கியே தீருவேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த மூடியின் பின் மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள், பைப் கிளாம்ப் எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள், லோடோடு ஒரு ஏற்றம் ஏற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.