பின்பாரம் அடித்த ட்ரெய்லர்: மூன்றரை வருடம், 31,000 கிலோமீட்டர்

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். பின்னால் இழுப்பது பதினான்கு அடி நீளமுள்ள, ஒற்றை ஆக்சில் பயண ட்ரெய்லர். உள்ளே இரண்டு கட்டில், சின்ன அடுக்களை, 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. வீடு தக்கலைப் பக்கம் என்பதால் வடக்கே எங்கே கிளம்பினாலும் பெரும்பாலும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு வழியாகத்தான் போக வேண்டும். ட்ரெய்லர் இழுப்பவனுக்கு இதைவிடக் கடினமான சோதனைச் சாலை தமிழ்நாட்டில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஒரு இடைவெளி, அதன் வழியாக மேலக்காற்று மொத்தமும் புகுந்து வருகிறது, அதை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளையும் அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, "பின்னால வால் ஆடாதா?" என்றுதான். ஆடியது. முதல் வருடம் உயிர் போயிருக்க வேண்டியது. இப்போது அதே சாலையில், அதே ஆடிக் காற்றில் ஆடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்தோம் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் ஒரு கருவி வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து நான் வீணாக்கிய மாதங்களை இன்னொருவர் வீணாக்க வேண்டாம்.

முதல் வருடம், ஆடி மாதம். காவல்கிணறு தாண்டி வள்ளியூர் போகும் நால்வழிச் சாலை. முன்சீட்டில் சித்தப்பா, பின்னால் மனைவியும் மகனும். சித்தப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேம்பாலம் ஒன்றிலிருந்து இறங்குகிறோம், வேகம் 85. இடப்பக்கமிருந்து காற்று. வலப்பக்கம் ஒரு ஆம்னி பஸ் கடந்து போனது. அது பாதி கடக்கும்போதே ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது, பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்ததுபோல ஒரு இழுப்பு, உடனே எதிர்ப்பக்கம் இன்னொன்று. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் வலப்பக்கச் சுவர் முழுசாகத் தெரிகிறது, அடுத்த நொடி மறைந்து இடப்பக்கக் கண்ணாடியில் இடப்பக்கச் சுவர் தெரிகிறது. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் பெரிதானது, பிக்கப்பின் பின்சக்கரமே நகர்கிற மாதிரி இருந்தது.

"மக்கா, பிரேக்க விடு. வளையத்த நேரா பிடி. ஆக்சிலேட்டரயும் விட்டுரு" என்றார் சித்தப்பா. சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னார். விட்டேன். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியது, மூன்றாவது சின்னதாக இருந்தது, 60க்கு வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல நேராக வந்தது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது முழங்கால் நிற்கவில்லை. ட்ரெய்லர் கதவைத் திறந்தால் பாத்திரமெல்லாம் தரையில், அரிசி டப்பா திறந்து கட்டில்வரை அரிசி. அதைவிட என்னை உலுக்கியது, எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வந்து நின்ற பைக்காரர். மனைவி, கைக்குழந்தையோடு வந்தவர். "அண்ணே, ரெண்டு லேனையும் அடிச்சிச்சி" என்றார். எங்கள் வண்டியின் ஆட்டத்துக்கு அவர்கள் செத்திருப்பார்கள்.

சித்தப்பா ட்ரெய்லரைச் சுற்றி வந்து, கப்ளரை, அதாவது பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தைக் கவ்விப் பிடிக்கும் முனையைக் கழற்றச் சொல்லி, ட்ரெய்லரின் மூக்குப் பகுதியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். எழுபது வயதை நெருங்குகிறவர், தூக்கிவிட்டார். "இது பின்பாரம்டே. காளவண்டியில பின்பாரம் அடிச்சா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்த இறுக்கும். உனக்கு மாடு இல்ல, அதான் வால் ஆட்டுது" என்றார். பின்பாரம் என்றால் அச்சுக்குப் பின்னால் கனம் கூடிப்போவது, அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் நாங்கள் பிறகு அளந்து தெரிந்துகொண்டது.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கும் நண்பனிடம் 300 கிலோ தாங்கும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. முதலில் எடை மேடையில் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தி மொத்த எடை எடுத்தோம், தண்ணீரும் சாமானும் சேர்த்து 1,200 கிலோ. அப்புறம் மூக்கை மட்டும் தராசில் வைத்தோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இழுக்கும்போது கப்ளர் என்ன உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில்தான் அளக்க வேண்டும், அதனால் ஒரு அயனிக் கட்டையைத் தராசின்மேல் நிறுத்தி அதன்மேல் கப்ளரை இறக்கினோம். 50 கிலோ. மொத்தத்தில் நான்கு சதவீதம் சொச்சம். இந்த மாதிரிப் பயண ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம்வரை மூக்கில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைத்துச் சொல்வார்கள், ஆனால் அவர்களுடைய ட்ரெய்லரின் கட்டுமானமும் வேக வரம்பும் வேறு. நீங்கள் எதைப் பின்பற்றினாலும் உங்கள் வண்டியின் ஹிட்ச் (பின்னால் ட்ரெய்லரை மாட்டும் அமைப்பு) தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது.

எங்கே தப்பு என்று பார்த்தால், ட்ரெய்லர் கட்டித் தந்த பட்டறையில் தண்ணீர்த் தொட்டியைப் பின்சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். ஆக்சிலுக்கு 1.8 மீட்டர் பின்னால். ஆக்சிலிலிருந்து கப்ளர் 3.2 மீட்டர் முன்னால். நெம்புகோல் கணக்குப் போட்டால் அந்த 90 கிலோ தண்ணீர் மட்டுமே மூக்கிலிருந்து ஏறக்குறைய 50 கிலோவைத் தூக்கிவிடுகிறது! போதாததற்கு ஸ்டெப்னியும் பின்பம்பரில். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், வேலையைக் கெடுத்துவிடும்.

தொட்டியைக் கழற்றி ஆக்சிலுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வைத்தோம். ஸ்டெப்னியை அடியில், அதுவும் ஆக்சிலுக்கு முன்னால். அரிசி, தேங்காய், இரும்புச் சட்டி போன்ற கனமானவை பின் அலமாரியிலிருந்து நடுக்கட்டிலுக்கு அடியில் போயின. மறுபடி தராசு: 138 கிலோ. பதினொன்றரை சதவீதம். இதில் ஒரு தப்பு நடக்க வாய்ப்பு இருக்கிறது, கவனியுங்கள். பின்னால் இருக்கும் கனத்தை அப்படியே விட்டுவிட்டு, மூக்கில் இன்னொரு கனத்தை வைத்துச் சமன் செய்தால் தராசில் எண் சரியாக வரும், ஆனால் இரண்டு முனையிலும் கனம் இருக்கும் ட்ரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். இரண்டு நுனியிலும் குடம் கட்டிய காவடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கனம் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். நான்கு சக்கர இழுவை பிக்கப் என்பதால் ஹிட்ச் உயரமாக இருந்தது, ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தது, உள்ளே இருக்கும் கனமெல்லாம் பின்னுக்குச் சாய்ந்தது. நாகர்கோவிலில் ஒரு லேத்தில் பந்தை 11 சென்டிமீட்டர் இறக்கி வைக்கும் தகடு செய்து, 8.8 தர போல்ட் போட்டு மாட்டினோம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ட்ரெய்லர் சட்டத்தின்மேல் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை சரிபார்த்தேன். மிகச் சிறிதாக மூக்கு தாழ்ந்திருந்தாலும் நல்லதுதான், தூக்கி மட்டும் இருக்கக் கூடாது.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டறையில் கார் டயர் போட்டிருந்தார்கள், பக்கச்சுவர் மெத்தென்று வளையும். கழற்றிவிட்டுச் சின்ன சரக்கு வண்டிகளுக்குப் போடும் 8 பிளை டயர் போட்டு 45 பி.எஸ்.ஐ. காற்று வைத்தேன். பிக்கப்பின் பின்டயருக்கும், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவை வைக்கிறேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் கருவி. நான் மாட்டியிருப்பது ஐரோப்பிய வகை ஸ்டெபிலைசர் கப்ளர். 50 மில்லிமீட்டர் பந்தை உள்ளே இருக்கும் உராய்வு பேட்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ட்ரெய்லர் இடம் வலம் திரும்ப முயலும்போதெல்லாம் அந்த உராய்வு ஆட்டத்தின் சக்தியைத் தின்றுவிடும். நல்ல பொருள், இருபதாயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓடிவிட்டது, மனசாரச் சொல்லலாம். ஆனால் ஒரு சர்வீசில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலை செய்த பையன் பந்தில் நன்றாகக் கிரீஸ் பூசிவிட்டான். சாதாரண கப்ளருக்கு அதுதான் வழக்கம், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வகைக்கு கிரீஸ் பட்டால் பேட் வழுக்கும், பிடிப்பே இருக்காது. பேட்களை மாற்றி, பந்தை உப்புத்தாளால் தேய்த்து வெற்று உலோகமாக்கிய பிறகுதான் சரியானது. நம்ம கடற்கரைக் காற்றில் வெற்று உலோகம் ஒரு வாரத்தில் துரு பிடிக்கும், அதனால் வீட்டில் நிற்கும்போது பந்துக்கு ரப்பர் மூடி போட்டு வைக்கிறேன், கிளம்பும் முன் ஒரு துடைப்பு. திரும்பும்போது கீச்சென்று சத்தம் வந்தால் தூசியோ துருவோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்த காலத்தில் ஒரு நாள் மறுபடி ஆடியது. திருச்செந்தூர் போய் மூன்று நாள் தங்கிவிட்டு உடன்குடி வழியாகத் திரும்புகிறோம். வேகம் 70தான், பெரிய காற்றும் இல்லை. ஒரு லாரி கடந்தபோது வால் இரண்டு முறை அசைந்து அடங்கியது. பழைய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் குலசேகரம் போய் மூக்கைத் தராசில் இறக்கினேன். 92 கிலோ. மூன்று நாளில் 46 கிலோ எங்கே போனது?

நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகியிருந்தது. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் 60 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தது, அது ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது. அதோடு உடன்குடியில் வாங்கிய இருபது கிலோ கருப்பட்டியை மனைவி கைக்கு எட்டிய பின் அலமாரியில் வைத்திருந்தாள். தண்ணீர் முன்னாலிருந்து பின்னாலும், கருப்பட்டி கடையிலிருந்து வாலுக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். கிளம்பும்போது அளந்தது திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது தங்கும் இடத்தைவிட்டுக் கிளம்பும் முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமல் சாவியைத் திருப்புவதில்லை. கருப்பட்டி, கருவாடு, வாழைத்தார் எதுவானாலும் கட்டிலுக்கு அடியில், அல்லது பிக்கப்பின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் கேபினை ஒட்டி.

பிக்கப்பின் தொட்டியிலும் கவனம் வேண்டும். பந்தில் இறங்கும் 138 கிலோ, பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்குவதால் முன்சக்கரத்திலிருந்து ஐம்பது கிலோவுக்குமேல் தூக்கிவிடுகிறது. அதன்மேல் டெயில்கேட்டை ஒட்டிச் சாமான் அடுக்கினால் ஸ்டியரிங் இன்னும் லேசாகும். இந்த வண்டிக்கு இரண்டு அச்சுக்கும் நடுவில் மூன்று மீட்டருக்குமேல் இடைவெளி இருப்பது நமக்குச் சாதகம், அதை நாமே கெடுக்கக் கூடாது.

ஓட்டும் விதம் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் இந்தப் பிரச்சினையே வராது, நாற்பதைத் தாண்டினால்தானே. ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு, அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பாரத்தைச் சரிசெய்வதும் ஸ்டெபிலைசர் மாட்டுவதும் அந்த வேகத்தை மேலே தள்ளுகிறது, ஒழித்துவிடுவதில்லை. அதனால் நான் 70க்கு மேல் போவதில்லை, ஆனி முதல் ஆவணிவரை காவல்கிணறு பக்கம் 55, 60தான். முடிந்தவரை காலை ஆறு மணிக்குள் கணவாயைக் கடந்துவிடுவேன். முப்பந்தலில் காற்றாலைகளைப் பாருங்கள், இறக்கையும் தலையும் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். தலை மேற்கே பார்த்து நின்றால், காவல்கிணற்றில் வடக்கே திரும்பியதும் அடி உங்கள் இடப்பக்கம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அங்கே மெதுவாகப் போகும் லாரியை முந்தும்போது லாரி காற்றை மறைத்து நிற்கும், அதைத் தாண்டி வெளியே வரும் நொடியில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக விழும். அந்த இடத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

ஆடத் தொடங்கிவிட்டால் சித்தப்பா சொன்னதுதான். ஆக்சிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் பார்க்காதீர்கள், நம் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போகும், அது ஆட்டத்தைக் கூட்டும். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். என்னுடையது ஓவர்ரன் பிரேக், வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளுகிற தள்ளலில்தான் அதன் பிரேக் பிடிக்கும், தனியாகப் போட முடியாது, அதனால் ஆட்டம் அடங்கும்வரை பெடலைத் தொடுவதில்லை. ட்ரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் இருப்பவர்கள், வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் போட்டால் அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும்.

போன வாரம் கப்ளரைத் திறந்து பார்த்தேன், பேட் தேய்மானக் குறியை நெருங்கிவிட்டது. ஆனி பிறக்கும் முன் மாற்ற வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை காவல்கிணறு பக்கம் போவதாக இல்லை. பேச்சிப்பாறைவரை மட்டும், நாற்பதில்.