முட்டையா, புள்ளியா, ‘உ’வா: பிள்ளைகளை அணில் வரைய வைப்பது எப்படி?

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணை பிள்ளைகளால் நிறைந்துவிடும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரத் தெரு. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பதினொரு பேர். யானையும் மயிலும் அலுத்துப்போய் அவர்களே கேட்டது எலி. வயலில் அன்றாடம் பார்க்கிற உயிர்தானே. ஆனால் எலி பகலில் முகம் காட்டாது. அணிலும் அதே கொறிக்கும் கூட்டம்தான், உடல்கட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அது நம் எதிரிலேயே மதிலில் உட்கார்ந்து தின்னும். அதனால் அணிலில் தொடங்கினேன். நான்கு வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று.

முதலில் ‘உ’. பிள்ளையார் சுழி போடத் தெரிந்த பிள்ளைக்கு அணில் பாதி வந்துவிட்டது. சுழி கண்ணாகும், வளைவு முதுகாகும், அடியில் ஓடும் கோட்டை மேலே தூக்கினால் வால். இரண்டே நிமிடம். ஆறு வயதுக்காரர்களுக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது. தொல்லை அடுத்த வாரம் தொடங்கியது. “அத்தை, என் அணில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்” என்றாள் ஒரு சிறுமி. எழுத்தைத் திருப்பிப் போட்டாள். உள்ளேயிருந்து அவள் பாட்டி, “பிள்ளையார் சுழியையா திருப்பிப் போடுகிறாய்?” என்று சத்தம் போட்டார். பாட்டி சொன்ன காரணம் வேறு, ஆனால் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டார். எழுத்து ஒரு பக்கம்தான் பார்க்கும். பதினொரு தாளிலும் பதினொரு ‘உ’க்கள் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. (பிள்ளையாரின் வாகனம் என்று பலர் சொல்கிற மூஞ்சூறு கொறிக்கும் பிராணியே அல்ல, பூச்சி தின்னும் வேறு இனம். அந்த நீண்ட மூக்கை அணிலுக்கு ஒட்டிவிடுகிற பிள்ளைகள் உண்டு.)

புள்ளி வைத்து வரைவது நம் வாசலிலேயே இருக்கிற வித்தை. ஏழுக்கு ஏழு நேர்புள்ளி வைத்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு முதுகு, எங்கே காது என்று சொன்னால் போதும். கோலம் போட்டுப் பழகிய கைகள் ஒரு கோடுகூடப் பிசகாமல் போட்டன. அளவு சரி, முதுகுக் கோடுகள் ஒன்றையொன்று இடிக்கவில்லை. ஆனால் அணில் ஓடவில்லை. மாக்கோலத்தில் அச்சடித்த மாதிரி விறைத்து நின்றது. சின்னப் படத்தைச் சுவரில் பெரிதாக எழுத வேண்டும் என்றால் இந்த முறைக்கு ஈடில்லை. ஓவியர்கள் கட்டம் போட்டுப் பெரிதாக்குவதும் இதே கணக்குதான். உயிருள்ள ஒன்றைப் புதிதாக வரைய நான் இதை எடுக்க மாட்டேன்.

முட்டை முறையைத்தான் வரையக் கற்றுத்தரும் பெரும்பாலான புத்தகங்கள் சொல்கின்றன. சாய்வாக ஒரு பெரிய முட்டை உடம்பு, அதில் பாதிக்கும் குறைவான சின்ன முட்டை தலை, பின்னால் தொடைக்கு இன்னொன்று. இவற்றை இணைத்து, வேண்டாத கோடுகளை அழித்தால் அணில். எந்தப் பக்கமும் திருப்பலாம், உட்கார வைக்கலாம், ஏற வைக்கலாம். சிக்கல் எங்கே என்றால், பிள்ளைகள் முட்டையோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று முட்டையையும் அழுத்தி அழுத்தி வரைந்து, கழுத்தில்லாமல், மூன்று கொழுக்கட்டைகளை ஒட்டிவைத்த மாதிரி முடித்துக் காட்டினான் ஒருவன். அன்று வரிசையை மாற்றினேன். முதல் கோடு மூக்கு நுனியில் தொடங்கி, நெற்றி ஏறி, முதுகு வளைந்து, வால் நுனி வரை ஒரே இழுப்பு. கை எடுக்கக் கூடாது. முட்டைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கட்டும். அதே பையனின் அணில் அடுத்த தாளில் குனிந்து எதையோ கொறித்தது. நான்கில் எனக்குப் பிடித்தது இந்தத் திருத்திய முட்டைதான். எட்டு வயதுக்கு மேல் வேறு எதையும் தேட வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாட்டில் வரைந்தால் ஒரு கண்தான் தெரியும். மனித முகம் வரைந்து பழகியதால் இரண்டு போட்டுவிடுவார்கள். கருவிழி முழுவதும் கறுப்பு, உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் விட வேண்டும்.

நான்காவது, நேரில் பார்த்து வரைவது. மதிலில் கொய்யாத் துண்டு வைத்தோம். ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், பென்சிலைத் தொடக் கூடாது, பிறகு திரும்பி உட்கார்ந்து வரைய வேண்டும். படங்கள் அலங்கோலம்தான். ஆனால் இதில் கிடைத்தவை மற்ற மூன்றில் கிடைக்கவில்லை. முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து என்று எண்ணிச் சொன்னவன் ஒரு பத்து வயதுக்காரன். முதுகில் ஐந்து கோடு வரைந்திருந்தவர்கள் தாங்களே அழித்து மூன்றாக்கினார்கள். ஐந்து கோட்டு அணில் வடஇந்தியாவில் உண்டு, அச்சிட்ட படங்களில் அதைப் பார்த்திருப்பார்கள். நம் ஊர் அணிலுக்கு மூன்று வெள்ளைக் கோடுதான், இராமர் மூன்று விரலால் தடவிய கதைக்கும் அதுதான் பொருந்துகிறது.

அறுவடை சமயத்தில் எலிக்கும் வழி பிறந்தது. தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறி வைக்கிற பெரியவர் ஒருவர், மூங்கில் வில்லில் மாட்டிய எலியை வரப்பில் கிடத்திக் காட்டினார். எலிக்காய்ச்சல் பயத்தால் யாரையும் தொடவிடவில்லை. வாழைநாரை இரண்டு குச்சிகளில் பிடித்து வாலையும் உடம்பையும் அளந்தோம். வரப்பில் வளை தோண்டும் எலிக்கு வால் உடம்பைவிடக் குட்டை, மூஞ்சி மொண்ணை. வீட்டு எலிக்கு வால் உடம்பைவிட நீளம். வெள்ளெலிக்கு வயிறு வெள்ளை, வால் நுனியில் குஞ்சம். ஆக, அதே முதுகுக்கோடு, அதே மூன்று முட்டை. வாலையும் மூக்கையும் மாற்றினால் அணிலிலிருந்து மூன்று எலிகள் பிறக்கின்றன. ‘உ’விலும் புள்ளியிலும் இதற்கு இடமில்லை.

இப்போது சின்னவர்களுக்கு ‘உ’, பெரியவர்களுக்கு முட்டை, எல்லோருக்கும் வாரம் ஒரு முறை மதில் கொய்யா என்று ஓடுகிறது. ரோமம் கடைசியில்தான், தலையிலிருந்து வால் பக்கமாக, சின்னச் சின்னக் கோடுகளாக. ரப்பரை மட்டும் முதல் அரைமணி நேரம் நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.