ஒரு விரலா, மூன்று விரலா, இரண்டு கையா? அரேஞ்சர் கீபோர்டில் முதல் மூன்று மாதம்

புது கீபோர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாயிற்று. ஒரு ஸ்டைலை, அதாவது கருவியே வாசிக்கும் ஒரு பின்னணி இசை வகையை, தேர்ந்தெடுத்து, இடது கையில் ஒரே ஒரு விசையை அழுத்தினால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்று ஒரு குழுவே வாசிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த முதல் மணி நேரச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது, அதை முழுசாக அனுபவியுங்கள். மறுநாள் உட்காரும்போதுதான் கேள்வி வரும்: இதை எப்படிப் பழகுவது?

மூன்று வழிகள் உண்டு. இடது கையில் ஒரு விரலால் கார்டை (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு) காட்டிவிட்டு, வலது கையில் மெட்டு வாசிப்பது ஒன்று. அதே ஸ்டைலோடு, இடது கையில் மூன்று விரலாலும் முழு கார்டு பிடிப்பது இரண்டாவது. ஸ்டைலையே அணைத்துவிட்டு, பியானோ மாதிரி இரண்டு கைக்கும் தனித்தனி வேலை கொடுப்பது மூன்றாவது. என் கட்சி இரண்டாவது வழி. ஆனால் மற்ற இரண்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் ஒரு விரல் முறை. இதன் பலம் வேகம். தெரிந்த ஒரு பாட்டின் மெட்டு வலது கையில் ஓரளவு வந்துவிட்டால், அன்று மாலையே அதை முழுப் பாட்டாகக் கேட்டுவிடலாம். குழந்தைகளுக்கும், வயதான பிறகு ஆசையாகத் தொடங்குபவர்களுக்கும் இது பெரிய ஊக்கம். 'நம்மாலும் முடியும்' என்ற எண்ணம் வருவதற்கு முன்னாலேயே கீபோர்டை மூடி வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

பலவீனம் எங்கே தெரியும் என்றால், மைனர் கார்டு வரும்போது. மேஜருக்கு அந்தந்த விசையை மட்டும் அழுத்தினால் போதும். மைனருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதி வைத்திருக்கிறது. யமஹாவில் ஏ மைனர் வேண்டுமென்றால் ஏ விசையோடு அதற்கு இடப்பக்கம் உள்ள கறுப்பு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கேசியோவில் ஏ விசையோடு அதற்கு வலப்பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு விசையைச் சேர்த்தால் போதும். இப்போது யமஹாவில் பழகிய கையை அப்படியே கேசியோவில் வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் இருப்பது அந்தக் கறுப்பு விசையான ஜி ஷார்ப் என்பதால் கீபோர்டு அதையே மூலச் சுரமாக எடுத்துக்கொண்டு ஜி ஷார்ப் மைனரை வாசிக்கும். மாதக்கணக்கில் பழகிய பழக்கம் இன்னொரு கருவியில் தப்பான கார்டாக வந்து விழுகிறது. ஏ-சி-ஈ என்று மூன்று விரலால் பிடிக்கிற ஏ மைனரோ, எந்த நிறுவனத்தின் கீபோர்டிலும், பியானோவிலும், ஹார்மோனியத்திலும் ஏ மைனர்தான். நான் மூன்று விரல் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் காது சம்பந்தப்பட்டது. ஒரு விரலால் அழுத்தும்போது கார்டு என்பது ஒரு பட்டன். மேஜருக்கும் மைனருக்கும் நடுவே ஒரு சுரம் அரைப்படி நகர்கிறது என்பதைக் கை உணர்வதே இல்லை. மூன்று விரலால் பிடித்தால் அது விரலுக்கே தெரிந்துவிடும்.

சரி, மூன்று விரல் முறைக்கு வருவோம். பலர் இதை முதல் வாரத்திலேயே கைவிடுவதற்கு ஒரு சின்ன விஷயம் காரணமாகிவிடுகிறது: ஸ்பிளிட் பாயிண்ட். கீபோர்டின் எந்த இடம் வரை கார்டுப் பகுதி, எங்கிருந்து மெட்டுப் பகுதி என்று பிரிக்கும் எல்லை அது. யமஹா பிஎஸ்ஆர்-ஈ வரிசையில் இது வழக்கமாக எஃப் ஷார்ப் 2 (இடமிருந்து இரண்டாவது எஃப் ஷார்ப்) என்ற விசையில் இருக்கும். 61 விசைக் கீபோர்டில் இடமிருந்து இரண்டாவது சி-யில் கை வைத்து, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி சி-ஈ-ஜி என்று பிடித்தால், ஜி அந்த எல்லையைத் தாண்டி விழுகிறது. அது கார்டில் சேராமல் மெட்டுக்கு வைத்த வாத்தியக் குரலில் தனியாக ஒலிக்கும். கையும் சரி, புத்தகமும் சரி, சத்தம் மட்டும் ஏன் இப்படி என்று புரியாமல் ஆள் குழம்பிப் போவார்.

இதற்குத் தீர்வு எல்லையை நகர்த்துவது அல்ல. அதுவும் முடியும், ஆனால் மெட்டுக்கு இடம் குறையும். கார்டைப் புரட்டிப் பிடிப்பதே நல்லது. சி மேஜரை ஜி-சி-ஈ என்று பிடியுங்கள். அங்கிருந்து எஃப் மேஜருக்குப் போக, நடுவில் உள்ள சி அப்படியே இருக்கட்டும், ஜி விரல் ஏ-வுக்கும் ஈ விரல் எஃப்-க்கும் நகரட்டும். ஜி மேஜருக்கு, ஜி அப்படியே இருக்க, சி பி-க்கும் ஈ டி-க்கும் இறங்கும். ஏ மைனருக்கு இன்னும் எளிது, ஜி மட்டும் ஏ-வுக்கு ஏறினால் போதும். நான்கு கார்டும் ஒரு கையகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன, எல்லையையும் தாண்டுவதில்லை. கையைத் தூக்கித் தூக்கி வைக்கிற அவஸ்தை போய்விடும். இந்த நான்கையே வைத்து வாசிக்கக்கூடிய பாடல்கள் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொன்று. பல ஆரம்ப நிலைக் கீபோர்டுகள் ஒரு விரலையும் மூன்று விரலையும் ஒரே சமயத்தில் ஏற்றுக்கொள்ளும் அமைப்போடுதான் வருகின்றன. யமஹாவில் இதற்கு மல்டி ஃபிங்கர் என்று பெயர். வசதிதான், ஆனால் ஏ-சி-ஈ பிடிக்கும்போது ஏ விரல் கொஞ்சம் முந்திவிட்டால், அந்த நொடியில் கீபோர்டு அதை ஏ மேஜர் என்று நினைத்துவிடும். மைனருக்கு நடுவே ஒரு மேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மூன்று விரலும் ஒன்றாக இறங்கப் பழகுவதே மருந்து. உங்கள் கீபோர்டில் ஃபிங்கர்டு என்ற, முழு கார்டை மட்டும் ஏற்கும் தனி அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று விரல் முறைக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கார்டைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் ஸ்டைல் அதே கார்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இடது கைக்குச் சோம்பேறித்தனம் வந்துவிடுகிறது. அடுத்த கார்டுக்கு அரைத் தாளம் தாமதமாகப் போனாலும் டிரம்ஸ் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். தனக்கு நன்றாக வருகிறது என்று வாசிப்பவர் நம்பிக்கொண்டிருப்பார். இதற்கு ஸிங்க் ஸ்டாப் என்றொரு வசதி பல கீபோர்டுகளில் இருக்கிறது. அதைப் போட்டால், இடது கையை எடுத்த அந்த நொடியே ஸ்டைல் நின்றுவிடும். சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும்போது விழுகிற ஓட்டை பளிச்சென்று கேட்கும். முதல் நாள் கேட்கவே கஷ்டமாக இருக்கும், விடாதீர்கள். ஓட்டை சுருங்கச் சுருங்க, கை தேறுகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், ஸ்டைலின் பகுதிகளைத் தனித்தனியாக அணைக்க முடிகிற கீபோர்டாக இருந்தால் டிரம்ஸும் பேஸும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அணைத்துவிடுங்கள். பேஸ் உங்கள் கார்டின் மூலச் சுரத்தை ஒட்டியே போகும் என்பதால், நீங்கள் பிடித்தது என்ன, கீபோர்டு புரிந்துகொண்டது என்ன என்பது உடனே காதில் விழும்.

மூன்றாவது வழி, இரண்டு கை பியானோ முறை. இடது கைக்குச் சுதந்திரம் கொடுப்பதில் இதற்கு இணை கிடையாது. சாய்ந்துகொள்ள எந்தக் குழுவும் இல்லாததால் தாளம் உங்களுக்குள்ளேயே ஊறியாக வேண்டும். நோட்டு படிக்கும் பழக்கமும் இதில்தான் ஒழுங்காக வரும். ஆனால் அரேஞ்சர் கீபோர்டின் விசைகள் பெரும்பாலும் எடை இல்லாதவை, 61 தான் இருக்கும். பியானோவின் 88 கனமான விசைகளுக்கு வேண்டிய விரல் பலம் இதில் முழுசாக வராது. போதாததற்கு, வாங்கியதன் பாதி அம்சங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் குறி பியானோ என்றால் இந்த வழிதான் சரி, ஒரு கட்டத்தில் டிஜிட்டல் பியானோவுக்கு மாறவும் தயாராக இருங்கள். பாட்டுக்குக் கூட வாசிக்க வேண்டும், தனி ஆளாகவே ஒரு குழுவைப் போல ஒலிக்க வேண்டும் என்றால் இது சுற்றுவழி.

இருந்தாலும் இதிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கச் சொல்வேன். யமஹாவில் ஏசிஎம்பி (கார்டைப் பின்தொடரும் பக்கவாத்தியம்) பட்டனை அணைத்துவிட்டு ஸ்டைலைத் தொடங்கினால் டிரம்ஸ் மட்டும் ஓடும். மெட்ரோனோமின் டிக் டிக்கைவிட இதோடு பழகுவது மனதுக்கு இதமாக இருக்கும். தினமும் பத்து நிமிடம் இப்படி, இடது கை கார்டைத் தாளத்துக்குத் தாளம் அழுத்த, வலது கை மெட்டு வாசிக்கட்டும். கார்டைத் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை, கை நின்றால் சத்தமும் நின்றுவிடும்.

ஸ்டைல் தேர்வில் ஒரு வார்த்தை. பிஎஸ்ஆர்-ஈ373 போன்ற ஆரம்ப நிலைக் கீபோர்டிலேயே 622 குரல்கள், 205 ஸ்டைல்கள் இருக்கின்றன. அத்தனையையும் புரட்டிப் பார்ப்பதிலேயே முதல் மாதம் கரைந்துவிடும். எட்டு பீட்டில் ஒரு மெதுவான பாலட் ஸ்டைல், ஒரு பியானோ குரல், இரண்டே போதும். வேகமான ஸ்டைலை நிமிடத்துக்கு 60 பீட் வேகத்துக்கு இறக்கினால் அது நொண்டுவது போல ஒலிக்கும், அதனால் இயல்பிலேயே மெதுவானதாக எடுங்கள். ஒரு ஸ்டைலுக்குள் இருக்கும் வடிவங்களில் முதலாவதான மெயின் ஏ-யிலேயே இருங்கள். அதில் வாத்தியங்கள் குறைவாக இருக்கும், உங்கள் தப்பு உங்களுக்குக் கேட்கும்.

டிரான்ஸ்போஸ் பட்டனைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். சி-யிலேயே வாசித்துவிட்டுப் பாடுபவரின் சுருதிக்குப் பட்டனால் மாற்றிக்கொள்வதில் முதல் மூன்று மாதம் தப்பே இல்லை. நான்காவது மாதம் ஜி ஸ்கேலுக்குப் போங்கள். அதற்கு வேண்டிய ஜி-யும் சி-யும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. டி மேஜரையும் ஈ மைனரையும் மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.