இரண்டு மாரி, ஒரு கச்சான்: ‘டூம் ஆஃப் அனிஹிலேஷன்’ விளையாடிய அனுபவம்

‘டூம் ஆஃப் அனிஹிலேஷன்’ என்ற சாகச விளையாட்டுப் புத்தகத்தை வாங்கலாமா என்று ஆரம்பத்திலேயே யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கல்லறையும் பொறிகளும் அபாரம், வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டு மாரியும் நடுவில் கச்சான் காற்று அடிக்கிற ஒரு வெக்கைக் காலமும் இதை விளையாடி முடித்த பிறகு என் பதில் வேறு. காட்டுக்காக எடுங்கள். அந்தக் காட்டின் இடிபாடுகளுக்குள் குடியிருப்பவர்களுக்காக எடுங்கள். தலைப்பில் இருக்கிற கல்லறை இரண்டாம் பட்சம்தான்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த மேசை விளையாட்டு. டிஎம் என்று ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, அந்த ஆளாகவே கதைத்து, முடிவெடுத்து, தாயக்கட்டை உருட்டுவார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்காக 2017இல் வெளியான சாகசக் கதை இது, 256 பக்கம். முதலாம் லெவலில் தொடங்கிப் பதினொன்று வரை கொண்டுபோகலாம். களம், சுல்ட் என்ற காட்டுத் தீபகற்பம். செத்துப்போய் மந்திரத்தால் உயிர் பெற்றவர்கள் எல்லோரும் நாளுக்கு ஒரு உயிர்ப்புள்ளியாக உருகிக்கொண்டு போகிறார்கள், புதிதாக யாரையும் எழுப்பவும் முடியவில்லை. அந்தச் சாபத்தின் ஊற்று, காட்டுக்குள் கைவிடப்பட்ட ஓமு என்ற நகரத்தின் கல்லறைக்குள் இருக்கிறது. இதை இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், கீழே கதையின் சில முடிச்சுகள் அவிழும்.

நான்தான் டிஎம். தாதியாக வேலை செய்யும் ஒரு அக்கா, காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் நானா, வாகரையில் இருந்து வரும் ஒரு தம்பி, கணிதம் படிப்பிக்கும் என் மச்சாள், இவ்வளவு பேர்தான் எங்கள் கூட்டம். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் போயா விடுமுறைகளில் கூடுவோம். புத்தகம் ஆங்கிலம், விளையாட்டு முழுக்கத் தமிழ்.

இந்தப் புத்தகத்தில் என்னை முதலில் பிடித்து இழுத்தது வரைபடம். அறுகோணக் கட்டங்களால் ஆன பெரிய தாள். டிஎம்மின் பக்கத்தில் எல்லா இடமும் குறித்திருக்கும், விளையாடுபவர்களின் பக்கத்தில் கரையோரமும் சில அடையாளங்களும் தவிர மிச்சமெல்லாம் வெறுமை. ஒரு கட்டம் 10 மைல், அதாவது 16 கிலோமீற்றர். மட்டக்களப்பு டவுனில் இருந்து ஏறாவூர் தாண்டுகிற தூரம். கால்நடையாகப் போனால் ஒரு நாளைக்கு ஒரு கட்டம், ஆற்றில் வள்ளத்தில் போனால் இரண்டு. வழிகாட்டுகிற ஆள் தாயக்கட்டையில் தோற்றால் கூட்டமே பாதை தவறிப் பக்கத்துக் கட்டம் ஒன்றுக்குள் போய்விடும், அது அவர்களுக்கே தெரியாது. அந்த வெற்றுப் பக்கத்தைக் கொமியூனிகேஷன் கடையில் ஏ3 அளவில் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தேன். மச்சாள் பென்சிலால் ஆற்றையும் மலையையும் வரைந்து வரைந்து, பிழையாகப் போன இடத்தை அழித்து, திரும்ப வரைந்து, இன்றைக்கு அந்தத் தாள் நாலாக மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டிக் கிடக்கிறது. எங்களிடம் இருக்கிற விளையாட்டுச் சாமான்களில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்தது தண்ணீர். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன், கிட்டத்தட்ட நாலு லீற்றர். வெக்கை என்றால் இரண்டு கலன். குடிக்காவிட்டால் களைப்பு ஏறும், ஆறாவது படிக்குப் போனால் சாவு. கலன் ஒன்று 8 இறாத்தல் பாரம், அதையும் சுமக்க வேண்டும். காட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் தொண்டைக்குள் அட்டை பிடிக்கும் நோய். அதனால் மழை பிடிக்கிற தோல்விரிப்பு ஒன்றை மரச்சட்டத்தில் கட்டித் தண்ணீர் சேர்க்கலாம், அது எட்டுக் கலன் கொள்ளும். இணையத்தில் விளையாட்டைக் காட்டுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கை அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கச்சான் காற்று அடித்து வேர்த்து ஒழுகிக்கொண்டு விறாந்தையில் இருந்தபோது “இண்டைக்கு ரெண்டு கலன்” என்று நான் சொன்னதும், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அலுப்புத் தட்டுகிற இடம் வேறு: காலை, மத்தியானம், பொழுதுபட என்று நாளுக்கு மூன்று தரம் தற்செயல் சந்திப்புக்கு உருட்டச் சொல்கிறது புத்தகம். இரண்டு கட்டம் தாண்டுவதற்குள் ஒரு மாலை முடிந்துவிடும். நான் நாளுக்கு ஒன்றாகக் குறைத்தேன். மாற்றின நாளில் இருந்து பயணம் ஓடத் தொடங்கியது.

இனி, குடியிருப்பவர்கள். புத்தகத்தின் உயிர் இங்கேதான். மலை உச்சிப் பழைய மடத்தில் சிறகு முளைத்த ஆரக்கோக்ரா மக்கள் இருக்கிறார்கள். அழிந்த ஓமு அரச குடும்பத்தின் வாரிசுகளான அக்காவையும் தம்பியையும் மறைத்து வளர்ப்பவர்கள் அவர்கள்தான். பறக்கும் வரம் தரும் அவர்களுடைய நடனத்துக்கு ஒரு கறுப்பு ஓர்க்கிட் பூ வேண்டும், அந்தப் பூ நங்கலோர் என்ற பாழடைந்த தோட்டத்தில் இருக்கிறது. அங்கே ஓமுவின் பழைய இராணி சல்கோரே பார்த்தவர்களைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தல் மெடூசாவாகித் தனியே இருக்கிறாள். இன்னொரு பக்கம் குட்டிப் பூதங்கள் மாதிரியான கோப்ளின்களின் கிராமம் ஒன்று, ஆபத்து வந்தால் முழுக் கிராமத்தையும் கவண் மாதிரி வளைத்துக் கட்டிய மரத்தால் காட்டுக்கு மேலே தூக்கி எறிந்து தப்பிவிடும். சண்டை வந்தால் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கோபுரமாக நிற்பார்கள். சல்கோரேயோடு எங்கள் அக்கா ஒரு மாலை முழுக்கக் கதைத்தாள், ஒரு வாளும் உருவப்படவில்லை. அன்றைக்கு எல்லோரும் நேரம் போனதே தெரியாமல் இருந்தோம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். இந்த மக்களில் பாதிப் பேருக்கு மேல் புத்தகம் ‘தீயவர்’ என்று ஒரு சொல்லில் முத்திரை குத்திவிட்டுப் போகிறது. குரங் என்ற தவளை மனிதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறத்தால் சாதி வகுத்து வாழ்கிறவர்கள்: பச்சை காவலுக்கும் வேட்டைக்கும், நீலம் வீட்டு வேலைக்கும் கைத்தொழிலுக்கும், ஊதா மேற்பார்வைக்கு, சிவப்பு படிப்புக்கும் மந்திரத்துக்கும், செம்மஞ்சள் சிறப்புப் படைக்கு, பொன்னிறம் தலைமைக்கு. இவ்வளவு நுணுக்கமாக ஒரு சமூகத்தைச் செய்துவிட்டு, ஓமுவுக்குள் அவர்களைப் பெரும்பாலும் அம்பு விடுகிற எதிரிகளாக நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடித்தட்டில் இருக்கிற நீல நிறத்து ஆள் என்ன நினைப்பான்? அந்தக் கேள்வியைப் புத்தகம் கேட்கவில்லை, டிஎம்தான் கேட்க வேண்டும்.

அதனால் புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சியை நான் சேர்த்தேன். ஓமுவைச் சுற்றியுள்ள செங்குத்துப் பாறைக்கு மேலே, தண்ணீர் இல்லாத இடிபாடு ஒன்றில், விழுந்த தூணுக்கு அடியில் கால் சிக்கிக் கிடக்கிறது ஒரு நீலக் குரங். (அந்த இடத்தைச் சொல்லும்போது அம்பாறைப் பக்கம் இராஜகலையில் காட்டுக்குள்ளே பார்த்த கல்தூண்களும் படிகளும்தான் என் கண்ணில் நின்றன. காட்டு இடிபாட்டை வர்ணிக்கப் போகிறவர்கள் ஒருக்கா அங்கே போய்வாருங்கள்.) குரங் ஒன்று நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது தண்ணீரில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் களைப்பு ஏறிச் செத்துவிடும். இவர்களிடம் இருந்ததோ மூன்று நாளைக்குக் காணும் குடிதண்ணீர். அதன் தோலில் நஞ்சு வேறு, அது இறங்கின தண்ணீரைப் பிறகு குடிக்க முடியாது என்று நான் முடிவு சொன்னேன்.

நானா கணக்குப் போட்டார். “எல்லாத்தையும் ஊத்தினா நாளைக்கு நமக்கு?” அக்கா பதில் சொல்லாமல் மழை பிடிக்கிற தோலைச் சட்டத்தில் இருந்து கழற்றினாள், நிலத்தில் குழி தோண்டி அதை விரிக்கிறேன் என்றாள். ஒவ்வொரு தோற்பையாக ஊற்றினார்கள். மச்சாள் தாளில் இருந்த தண்ணீர் எண்ணிக்கையை அழிரப்பரால் அழித்துக்கொண்டே வந்தாள். மழை வருமா என்று நான் உருட்டினேன், வரவில்லை. குரங் இனத்துக்குப் பொது மொழி தெரியாது. அதனால் அது தேறி எழும்பினதும் நான் கதிரையில் இருந்து இறங்கித் தரையில் குந்தி, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று அவர்களுக்கு விளங்க ஒள்ளுப்பம் நேரம் எடுத்தது. அக்கா, “போ மனே, உன்ர ஊட்டுக்குப் போ” என்று கையைக் காட்டினாள். அது போகவில்லை. நகரத்துக்குள் இறங்குகிற பழைய வாய்க்கால் ஒன்றை விரலால் மண்ணில் கீறிக் காட்டியது.

அந்த வாய்க்கால் வழியாக ஓமுவுக்குள் போனவர்கள், வேறு கூட்டமாக மாறிப் போனார்கள். ஓமுவில் ஒன்பது விலங்குத் தெய்வங்களின் கோயில்கள், கோயிலுக்கொரு புதிர்க்கட்டி. அவற்றைச் சேர்த்தால்தான் கல்லறை திறக்கும். எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்களுக்காக எழுதப்பட்ட பகுதி இது. எங்கள் ஆட்களோ ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழையும் முன் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு வீட்டுக் கதவை உடைத்துப் பானையில் இருக்கிற நகையை எடுப்போம் என்று பேச்சு வந்தபோது வாகரைத் தம்பி விடவில்லை. “நாங்க இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம் எங்கட வளவுக்குள்ளயும் இப்பிடித்தான் காடு மண்டிக் கிடந்த. அதுக்காக அது ஆருமில்லாத வளவா?” என்றான். பெரிதாக விளக்கவில்லை, அடுத்த முறைக்கு உருட்டத் தொடங்கிவிட்டான். அந்தப் பானை அப்படியே இருந்தது. சாகசக் கதைகளில் ‘கைவிடப்பட்ட நகரம்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியோடு எழுத வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கதையின் பெரிய பழுது, நேரக்கணக்கு. கூட்டத்தை இந்த வேலைக்கு அனுப்பி வைக்கிற மந்திரக்கார அம்மாவே சாபத்தால் செத்துக்கொண்டிருக்கிறாள், ஓடு ஓடு என்கிறது கதை. சுற்றிப் பார், தேடிப் பார் என்கிறது வரைபடம். கதையைக் கேட்டு ஓடினால் நங்கலோரும் இல்லை, கோப்ளின் கிராமமும் இல்லை. நாளுக்கு ஒரு புள்ளி என்பதைப் பத்து நாளுக்கு ஒன்று என்று ஆக்கினேன். இன்னொரு மாற்றமும் செய்தேன்: புத்தகம் வெளியூர் ஆட்களை மந்திரத்தால் கொண்டுவந்து துறைமுகத்தில் இறக்குகிறது, நான் எல்லோரையும் அந்தத் துறைமுகத்தின் பிள்ளைகளாகவே தொடங்க வைத்தேன். டைனோசர் ஓட்டப் பந்தயம் நடக்கிற தெருவில் வளர்ந்தவர்களுக்குக் காடு மேல் பயமும் உரிமையும் சேர்ந்தே இருக்கும்.

கல்லறை ஆறு தளம். பொறிகள் கெட்டித்தனமானவை, சில நியாயமே இல்லாதவை. கதைக்க ஆள் குறைந்துவிடுவதால் எங்கள் மேசை அங்கே சோர்ந்தது. நானாவின் வீரன் நாலாவது தளத்தில் செத்தான். எழுப்ப வழியில்லை. புதுப் பாத்திரம் செய்யச் சொன்னபோது நானா யோசிக்கவே இல்லை, “அந்த நீலத் தவளை நான்தான்” என்றார். குரங் பாத்திரத்தை விளையாடுபவர் எடுப்பதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை. தண்ணீர்க் கணக்கு மட்டும் கூடியது. அதை அவரே எழுதி வைத்தார்.

சாமான் பற்றி. மாரி ஈரத்தில் புத்தகத்தின் மட்டை உப்பி, பக்கங்கள் அலை அடித்துவிட்டன. பிளாஸ்டிக் பெட்டியில் அரிசி முடிச்சு ஒன்றோடு வையுங்கள். இருபது முகத் தாயக்கட்டைக்குப் போனில் செயலி உண்டு, கை உருட்டுகிற சுகம் அதில் இல்லை. பொம்மைகளுக்குச் சோகியும் மஞ்சாடியும் போதும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தமிழில் மொழிபெயர்த்துப் பகிரவும் தடையில்லை. குரங் மக்களும் பாம்பு மனிதர்களான யுவான்-டியும் அதில் இல்லை. பல்லி மனிதர், கோபோல்ட், மெடூசா, காவல் நாகம் எல்லாம் இருக்கிறார்கள். அறுகோணத் தாள் ஒன்றை அச்செடுத்து, அஞ்சாறு இடிபாடுகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை, யாருக்குப் பயம் என்று மூன்று வரி எழுதுங்கள். மறுகா தண்ணீரைக் கணக்கிடச் சொல்லிவிட்டு ஆட்களைக் காட்டுக்குள் அனுப்புங்கள். விதிகளில் நாங்கள் மேசையில் பயன்படுத்துகிற தமிழ்ச் சுருக்கம் இரண்டு பக்கம் வரும், வேண்டியவர்கள் கேட்டால் தருகிறேன்.