கிளாம்பாக்கத்தில் ரயில் சத்தம் கேட்கிறது, ஏறத்தான் வழியில்லை

2024 ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். கும்பகோணத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினோம். அத்தை வீடு மயிலாப்பூரில். இந்த வழி எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தாம்பரத்தில் இறங்கி, பீச் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், மாம்பலத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். குரோம்பேட்டை தாண்டும்போது முகத்தில் அடிக்கும் விடியற்காலைக் காற்றை வெளிநாட்டில் எத்தனை முறை நினைத்திருப்பேன்!

இப்போது பஸ் சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையம், ஏறத்தாழ 88 ஏக்கர். கட்டடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இறங்கி பைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதே ரயில் ஹாரன் கேட்டது.

"ஏன்டா, ரயிலு இவ்ளோ கிட்டக்கப் போவுதே, ஸ்டேஷன் எங்கடா?" என்றாள் அம்மா.

காவலுக்கு நின்றவரிடம் கேட்டேன். "ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தாண்டதான் சார் தண்டவாளம். ஸ்டேஷன் இன்னும் வரல. வண்டலூர் போயிடுங்க, இல்லன்னா ஊரப்பாக்கம்."

வண்டலூருக்கு ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் தூக்கக் கலக்கம். வெளியூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மாநகரப் பஸ் நிற்கும் இடத்துக்கு அம்மா இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துதான் வந்து சேர்ந்தாள். அதற்குள் இன்னொரு ரயில் போனது. எனக்கு வந்த கோபத்தில் பேச்சே எழவில்லை. அந்தப் பஸ்ஸில் தாம்பரம் போய், அங்கே மறுபடி படியேறி இறங்கி ரயில் பிடித்தபோது நன்றாக விடிந்துவிட்டது.

சிங்கப்பூரில் பூன் லேயில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மழையில் நனையாமல் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் வாசலுக்கே போய்விடலாம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்துப் போன மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம், 2010 முதல் அப்படி. அதே ஊரில் புவாங்கோக் நிலையத்தை 2003-லேயே கட்டி முடித்தார்கள். குடியிருப்பு போதாது என்று 2006 வரை பூட்டி வைத்திருந்தார்கள். மக்கள் கோபப்பட்டு, வீண் செலவு என்று கேலியாக அட்டையில் வெள்ளை யானைகள் செய்து நட்டார்கள். ஆள் வருமுன் நிலையம் கட்டியதற்கே அங்கே அவ்வளவு ஏச்சு. கிளாம்பாக்கத்திலோ தென்மாவட்டத்துச் சனம் மொத்தமும் வந்து இறங்கிய பிறகுதான் ஸ்டேஷனும், சாலையைத் தாண்டும் நடைமேம்பாலமும் வேலை நடந்துகொண்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து இங்கே வரவேண்டிய 15 கிலோமீட்டர் மெட்ரோ இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் இருக்கிறதே என்பீர்கள். அது வேளச்சேரிக்கு 2007-ல் வந்தது. பரங்கிமலைவரை மிச்சம் ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருஷக்கணக்கில் கிடந்த வேலை அது. அது மட்டும் முடிந்திருந்தால் பரங்கிமலையில் வண்டி மாறித் திருமயிலையில் இறங்கியிருப்போம். அப்போது கோட்டை, பீச் என்று சுற்றி வரும் வழிகூட இல்லை. பீச்சுக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது ரயில் பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தது. நான்காவது பாதை வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர் என்று அத்தை மகன் பெருமையாகச் சொன்னான். பூந்தமல்லி, மாதவரம், சிப்காட் எல்லாம் வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பாதைகள் பழைய மின்சார ரயிலைத் தொடும் இடங்களில் கிழவி ஒருத்தி எத்தனை படி ஏற வேண்டும் என்பதை இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே கையில் திட்டமிடத்தான் கும்டா என்ற குழுமத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022-ல்.

கிளாம்பாக்கம் ஸ்டேஷன் திறக்கட்டும். ராத்திரி பஸ்கள் வந்து நிற்கும் அதிகாலை நாலு மணிக்கே நடைமேம்பாலத்தின் லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் ஓட வேண்டும், டிக்கெட் கவுண்டரும் திறந்திருக்க வேண்டும்.