ஈசிஜி மணிக்கூடு என்று சொல்லி 38,500 ரூபா பறித்துவிட்டார்கள், கவனம்!

திருகோணமலையில் வீட்டில் இதய நோயாளி இருக்கும் எல்லோரும் கட்டாயம் வாசியுங்கள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

அப்பா கொழும்பில் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். இந்த ஒப்பரேஷன் செய்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குத் துடிப்புத் தாளம் தப்பும், அனேகமாக முதல் சில நாட்களில்தான், ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அந்தப் பயத்தில் டவுனில் மருத்துவச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே நின்றவர் ஒரு மணிக்கூட்டை என் கையிலேயே கட்டிப் பச்சைக் கோடு ஓடுவதைக் காட்டினார். "தாளம் பிழைச்சா உடனே கத்தும் அண்ணா. என்ட அம்மாக்கும் இதுதான் கட்டியிருக்கிறன்" என்றார். பெற்ற தாயை இழுத்துச் சொல்பவரை யார் சந்தேகப்படுவார்? 38,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

முந்தாநாள் இரவு அப்பாவுக்கு நெஞ்சு படபடத்தது. மணிக்கூட்டில் 72, 'நோர்மல்'. அம்மா அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "நிண்டு நிண்டு அடிக்குது, பிறகு ஓடுது. வெளிக்கிடுங்கோ" என்றார். ஆஸ்பத்திரி ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், துடிப்பு 140க்கு மேல். இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கும், இரத்தம் தேங்கிக் கட்டியாகும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைத்தான் அந்தச் சாமான் நோர்மல் என்றது! வோட்டில் அதைக் கழற்றித் தண்ணீர்ப் போத்தலில் சுற்றிப் பார்த்தேன். போத்தலுக்கும் 74, நோர்மல், அழகான அலை.

கடைக்கு எடுத்தால் "இறுக்கிக் கட்டேல்லப் போல". பிறகு "அப்டேட் செய்து பாருங்கோ". பிறகு "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்". போத்தல் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 38,500 ரூபா! அப்பாவின் ஒரு மாத மருந்துச் செலவை விடக் கூட.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். பின்பக்கம் பச்சை லைட் மட்டும் எரிவது நாடித்துடிப்பைத்தான் பார்க்கும், அது ஈசிஜி அல்ல. உண்மையில் ஈசிஜி எடுக்கும் மணிக்கூட்டில் மற்றக் கை விரலையும் அரை நிமிடம் அளவு வைத்திருக்க வேண்டும். காசு கொடுக்க முதல் போத்தலில் சுற்றிப் பாருங்கள். துடிப்பில் சந்தேகம் என்றால் டொக்டரிடம் ஹோல்டர் (ஒரு நாள் அளவு உடம்பில் பூட்டி ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் சின்னக் கருவி) பூட்டச் சொல்லிக் கேளுங்கள். படபடப்போடு மயக்கமோ மூச்சு முட்டலோ வந்தால் எந்தத் திரையையும் பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

நாளை பாவனையாளர் அதிகார சபைக்கு முறைப்பாடு போடுகிறேன், இலக்கம் 1977. இதே மாதிரி மணிக்கூடு வாங்கியவர்கள் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.