சப்வெர்ஷனில் கோப்புறைவாரியான வாசிப்புத் தடை

கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் ஒரே களஞ்சியத்தில் பலர் பணியாற்றும்போது சில கோப்புறைகளை மட்டும் சிலரிடமிருந்து மறைக்க வேண்டுமெனில், 2004இல் 1.0 பதிப்பாக வெளிவந்த சப்வெர்ஷன் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் இன்றும் நம்பத்தக்க கருவியாகும். களஞ்சியம் முழுவதையும் நகலெடுத்துக் கொடுக்கும் கிட் (Git) என்னும் மற்றொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்த வசதி இல்லை. சப்வெர்ஷனில் யாருக்கு எந்த உரிமை என்பதைக் குறிக்கும் அனுமதிக் கோப்பில், கோப்புறையின் பாதையைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் கீழ் ஒரு குழுவின் பெயருக்கு எதிரே உரிமையைக் காலியாக விட்டால், அக்குழுவினரால் அப்பாதையை வாசிக்க இயலாது. மறைந்த கோப்பு ஒன்றையேனும் தொட்ட மாற்றத்துக்கு, அதைச் செய்தவர் எழுதிய பதிவுக் குறிப்பைக்கூட சப்வெர்ஷன் அவர்களுக்குக் காட்டுவதில்லை என்பது, வடிவமைத்தோரின் கவனத்தை உணர்த்தும் அருமையான நுணுக்கம்.

கிளை பிரிக்கும்போதுதான், அதாவது தனியே பணியாற்றக் கோப்புறையை நகலெடுக்கும்போதுதான், எனக்குக் கவலை எழுகிறது. தடை பாதையின் பெயரோடு பிணைந்தது என்பதால், உரிமையுள்ளவர் அக்கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுத்தால் தடை உடன் செல்வதில்லை. 2018இல் வந்த 1.10 பதிப்பு, எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும் பொதுக்குறி (எந்தப் பெயருக்கும் பொருந்தும் * போன்ற குறி) விதிகளை எழுத வழி செய்தது. அதற்கு முந்தைய பதிப்பை இந்நோக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.